தூள், வெடிப்பு, வழுக்கல், வேர்வை: கடை, ஓட்டல் கான்கிரீட் தரைக்குப் பிழை நீக்கும் வழிமுறை

மதுரையில் இப்போது புதிதாகக் கடை போடுகிறவர்கள் பலர் டைல்ஸ் வேண்டாம், கான்கிரீட் தரையையே மெருகேற்றிக் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். திறப்பு விழா அன்று கண்ணாடி மாதிரி இருக்கும். ஆறு மாதம் கழித்து போன் வரும். "தரை மாவாக் கொட்டுதுண்ணே", "தரை வேர்க்குது தம்பி, என்னன்னு வந்து பாருப்பா", "மாஸ்டர் வழுக்கி விழுந்துட்டார்". இந்த வேலையில் இருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: போன் செய்வதற்கு முன்பே பெரும்பாலோர் பெயிண்ட் கடைக்குப் போய் ஏதோ ஒரு டப்பாவை வாங்கித் தடவியிருப்பார்கள். பாதி நேரம் முதலில் அந்த டப்பாவின் வேலையைச் சுரண்டி எடுக்கத்தான் எங்களைக் கூப்பிடுகிறார்கள்.

நான் போனதும் கேட்பது இரண்டே பொருள். ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு ரூபாய்க் காசு.

தண்ணீரைத் தரையில் கொஞ்சம் ஊற்றிவிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். முத்து முத்தாக உருண்டு நின்றால் மேலே பூச்சு இன்னும் உயிரோடு இருக்கிறது. மெதுவாகக் கறுத்துக்கொண்டே வந்தால் பூச்சு தேய்ந்துவிட்டது, தரை நல்ல தரைதான். ஊற்றிய ஒரு நிமிடத்துக்குள் மணலில் விட்டது போல உறிஞ்சிக்கொண்டால் மேல்தோலே பலவீனம். காசு எதற்கு என்று பின்னால் சொல்கிறேன். இந்தத் தரைகளின் சங்கடம் எல்லாம் கடைசியில் தண்ணீரில்தான் போய் நிற்கும். கலவையில் கூடிப்போனது, தேவைப்பட்ட நேரத்தில் கொடுக்காதது, அடியிலிருந்து ஏறுவது, மேலே தேங்குவது. எந்தத் தண்ணீர் என்று தெரியாமல் எந்த டப்பாவையும் திறக்க வேண்டாம்.

கூட்டக் கூட்டத் தூள் வருகிறது

காலையில் கூட்டினால் சாம்பல் நிறத்தில் ஒரு பிடி. துணிக்கடை என்றால் கீழ் அடுக்கில் உள்ள கறுப்புத் துணியில் எல்லாம் வெள்ளைப் படலம். உள்ளங்கையைத் தரையில் தேய்த்துப் பாருங்கள், திருநீறு பூசியது போல ஒட்டினால் சந்தேகமே இல்லை.

இதற்குக் காரணம் மூன்று. கலவை இளகலாக இருந்தால் இழுக்கச் சுலபம் என்று கொத்தனார் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றியிருப்பார். அந்தத் தண்ணீர் மேலே மிதந்து வரும்போது அது ஆவியாகும் வரை பொறுக்காமல், வறட்டு சிமெண்டைத் தூவிக் கரண்டியால் தேய்த்திருப்பார்கள். அப்புறம் கடை திறக்கும் அவசரத்தில் மூன்றாம் நாளே தண்ணீர் கட்டுவதை நிறுத்தியிருப்பார்கள். சாதாரண சிமெண்டுக்கு ஏழு நாளாவது ஈரம் காயாமல் இருக்க வேண்டும். இப்போது கடைகளில் அதிகம் கிடைப்பது சாம்பல் கலந்த சிமெண்ட், அதற்கும் நம்மூர் வெயிலுக்கும் சேர்த்துப் பார்த்தால் பத்திலிருந்து பதினாலு நாள். எம் சாண்டில், அதாவது கல்லை உடைத்து அரைத்த மணலில், கல்மாவு அதிகம் இருந்தாலும் இதே தூள்தான். மணல் வந்து இறங்கியதும் ஒரு பிடி எடுத்துத் தண்ணீர் டம்ளரில் போட்டுக் கலக்கினால் தெரிந்துவிடும், ஆனால் அதை யாரும் அன்று செய்வதில்லை.

சரி, இப்போது என்ன செய்வது? ஓர் இரும்பு ஆணியால் அழுத்திக் கீறுங்கள். வெறும் கோடு மட்டும் விழுந்தால் சிலிகேட் திரவம் போதும். லித்தியம் சிலிகேட் கிடைத்தால் நல்லது, சோடியம் சிலிகேட் விலை குறைவு. தரையைக் கழுவிக் காயவிட்டு, கம்பெனி சொன்ன அளவில் ஊற்றிப் பரப்புங்கள். இருபது முப்பது நிமிடம் பளபளவென்று ஈரமாகவே இருக்க வேண்டும், காய்ந்த இடத்தில் மேலும் கொஞ்சம். கான்கிரீட்டில் மிச்சமிருக்கும் சுண்ணாம்போடு அது சேர்ந்து துளைக்குள்ளேயே கல்லாக இறுகிவிடும். உறிஞ்சாமல் நிற்பதை மட்டும் வழித்து எடுத்துவிடுங்கள். சோடியம் சிலிகேட்டை அப்படியே விட்டால் வெள்ளை ஏடு கட்டும், அதை எடுக்கத் தனிச் சண்டை.

ஆணி பள்ளம் பறித்துக்கொண்டு உள்ளே போனால் திரவம் ஊற்றுவது காசுக்குக் கேடு. மேலே இருக்கும் அந்தப் பலவீனமான ஏட்டை மிஷின் வைத்து அரைத்து, ஜல்லி கண்ணில் படும் வரை போய், அங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும். அரைக்கும்போது தண்ணீர் விட்டு அரையுங்கள், இல்லாவிட்டால் தூசி உறிஞ்சும் மிஷின் வையுங்கள். அந்தக் கல்தூள் நுரையீரலுக்கு ஆகாது.

தூள் வருகிற தரை மேல் நேரடியாக எபாக்சியோ (இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் பிசின் பூச்சு) பெயிண்டோ அடிக்காதீர்கள். திருநீறு மேல் போஸ்டர் ஒட்டுகிற கதைதான்.

வெடிப்பு விட்டிருக்கிறது

எல்லா வெடிப்பும் ஒன்றல்ல. சிலந்தி வலை மாதிரி, நகம்கூட மாட்டாத மெல்லிய கோடுகள் என்றால் மேல்தோல் சீக்கிரம் காய்ந்திருக்கிறது. கத்திரி வெயிலில் பகல் பதினோரு மணிக்குப் போட்டு, போதாததற்குச் சீலிங் ஃபேனையும் சுழலவிட்ட தரைகளில் இது வரும். தரைக்கு ஆபத்து இல்லை. விட்டுவிடுங்கள். காபிக் கடைக்காரர்கள் சிலர் அந்த வலைக்காகவே தரையை விரும்புகிறார்கள்.

அறையின் நடுவே நேராக, சுவருக்குச் சுவர் ஓடும் வெடிப்பு வேறு. காயும்போது கான்கிரீட் சுருங்கும். எங்கே விட வேண்டும் என்று நாம் வெட்டிக் கொடுக்காவிட்டால் அதுவே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். 4 அங்குலத் தரைக்கு 8 முதல் 10 அடிக்கு ஒரு வெட்டு, ஆழம் 1 அங்குலம், போட்ட மறுநாளுக்குள். தூண் மூலையில் இருந்து சாய்வாகக் கிளம்பும் கோடும் இந்த வகைதான். வெட்டுக் கோடு தூணின் மூலையைத் தொட்டுப் போயிருந்தால் அது வந்திருக்காது.

இதை அடைப்பதற்கு முன் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய மேஸ்திரிகள் செய்வது போல, மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை வெடிப்பின் குறுக்கே எபாக்சி பசையால் ஒட்டி, பக்கத்தில் பென்சிலில் தேதி போடுங்கள். நாற்காலி படாத ஓரமாக. இரண்டு மாதத்தில் கண்ணாடி விரியாவிட்டால் வெடிப்பு தூங்கிவிட்டது, எபாக்சி வைத்து இறுக அடைக்கலாம். விரிந்தால் இழுபடும் பாலியூரித்தேன் பசைதான் சரி. அசைகிற வெடிப்பில் சிமெண்ட் பாலை ஊற்றினால் பக்கத்திலேயே இன்னொரு வெடிப்பு கிளம்பும்.

ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் இறங்கியிருக்கிறதா? காலில் தட்டுகிறதா? அப்படியானால் தரையை விட்டுவிட்டு மண்ணைப் பாருங்கள். அடிநிரப்பைச் சரியாகத் திமிசு போட்டு இடித்து இறுக்காததால் அது அமுங்கியிருக்கலாம். திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கம் கரிசல் மண். ஐப்பசி மழையில் உப்பும், பங்குனியில் பாளம் பாளமாகச் சுருங்கும். நாலுவழிச் சாலையோர ஓட்டல் ஒன்றில் ஒவ்வொரு மழைக்கும் கல்லாப் பக்கம் தரை தூக்கிக்கொள்ளும், ஒவ்வொரு கோடைக்கும் இறங்கும். மூன்று முறை மேலே பூசிப் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் தரையை உடைத்து, கரிசலைத் தோண்டி எடுத்து, சரளை போட்டு இறுக்கி, கூரைத் தண்ணீர் சுவரோரம் விழாமல் திருப்பிய பிறகுதான் நின்றது. பூச்சால் மண்ணைச் சமாளிக்க முடியாது.

வழுக்குகிறது

ஓட்டல்காரர்கள் முதலில் படிக்க வேண்டிய இடம் இது. பரோட்டாக் கல் அருகே நிற்கும் மாஸ்டரின் செருப்பைத் திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? அடியில் மாவும் எண்ணெயும் சேர்ந்து ஒரு தடிமன் இருக்கும். அந்தக் காலோடு அவர் பளபளப்பான தரையில் நடக்கிறார்.

இரவு கடை அடைத்ததும் தரை காய்ந்திருக்கும்போது நடந்து பாருங்கள், பிறகு வெறும் தண்ணீர் தெளித்து நடந்து பாருங்கள். காய்ந்த தரையும் வழுக்கினால் மேலே படலம் இருக்கிறது. அது எண்ணெயாகவும் இருக்கலாம், சோப்பாகவும் இருக்கலாம். பெரும்பாலும் ஒரே வாளித் தண்ணீரில் மாப்பை முக்கி முக்கித் துடைப்பதால், அழுக்கும் பினாயிலும் சோப்பும் சேர்ந்து தரையெங்கும் ஒரு கோட்டிங் ஆகிவிடுகிறது. எண்ணெய் எடுக்கும் காரத் திரவத்தை வெந்நீரில் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டு, பிரஷ் போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். இரண்டு வாளி வைத்துக்கொள்ளுங்கள். செலவே இல்லாத இந்த ஒரு மாற்றத்தால் பாதிக் கடைகளில் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது.

நனைந்தால் மட்டும் வழுக்குகிறது என்றால் மெருகு அந்த இடத்துக்கு மிஞ்சிவிட்டது. கை கழுவும் இடம், சமையல்கட்டு வாசல், தண்ணீர் டிரம் அடி, இந்த மூன்று இடங்களில் மட்டுமாவது மெருகைக் குறைத்துச் சொரசொரப்பாக்குங்கள். அலுமினியம் ஆக்சைடு துகள் கலந்த சீலர் அடிக்கலாம். அடுத்த முறை போடும்போது சமையல்கட்டில் கரண்டி மெருகே வேண்டாம், துடைப்பக் கோடு இழுத்து விடச் சொல்லுங்கள்.

தண்ணீர் தேங்குகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். வாட்டம், அதாவது தண்ணீர் ஓடும் சரிவு, 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்கான 2011 விதிகளின் நான்காம் அட்டவணையிலும் தரைக்கு வாட்டம் வேண்டும், கழிவுநீர் சமையல் நடக்கும் திசைக்கு எதிர்ப்பக்கம் ஓட வேண்டும் என்று இருக்கிறது. வாட்டம் தப்பிய தரைக்குப் பூச்சில் வைத்தியம் இல்லை, மேலே ஒரு தளம் இழுத்துத்தான் ஆக வேண்டும்.

வீட்டுச் சிவப்பு ஆக்சைடு தரைக்கு அம்மாமார் தேங்காய் எண்ணெய் தேய்ப்பது போலத் தேய்த்தால் பளபளப்பு வருமா என்று ஒருவர் கேட்டார். வரும். ஓட்டலில் அதைச் செய்தால் எலும்பு வைத்தியரின் நம்பரையும் சுவரில் எழுதி வையுங்கள்.

வட்ட வட்டமாக மங்கியிருக்கிறது, மஞ்சள் போகவில்லை

அண்ணா நகர்ப் பக்கம் ஒரு ஜூஸ் கடை. எலுமிச்சை பிழியும் மேடைக்கு முன்னால் மட்டும், டம்ளர் வாய் அளவில் இருபது முப்பது மங்கல் வட்டங்கள். கறை என்று நினைத்துப் பையன்கள் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்துவிட்டார்கள். ஈரத்துணி போட்டால் வட்டம் மறைகிறது, காய்ந்தால் திரும்ப வருகிறது. விரலால் தடவினால் அந்த இடம் மட்டும் நெருடுகிறது.

மேலே எதுவும் ஒட்டியிருக்கவில்லை. புளிப்பு தின்றுவிட்டது. சிமெண்ட் காரம், எலுமிச்சை, புளி, தயிர், வினிகர் எல்லாம் அமிலம். பட்ட இடத்தில் சிமெண்டைக் கரைத்து மெருகை அரித்துவிடும். தேய்த்துப் போகாது. 400 நம்பர் வைரப் பேடில் (வைரத்தூள் பதித்த மெருகு வட்டு) தொடங்கி 800, 1500 என்று மறுபடி அந்த இடத்தை மெருகேற்றி, சிலிகேட் கொடுத்து, மேலே பாலியூரித்தேன் பூச்சு ஒன்று கொடுக்க வேண்டும். பிழியும் மேடை முன்னால் இரண்டடி அகலத்துக்குக் கடப்பா கல்லோ கிரானைட்டோ பதித்துவிடுங்கள் என்று முன்பே சொன்னேன். தரை ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்றார் கடைக்காரர். இப்போது கிரானைட்தான் இருக்கிறது.

கழிவறைக்கு வாங்கிய ஆசிட்டைக் கடைத் தரையில் ஊற்றுவதும் இதே அரிப்புதான், நூறு மடங்கு வேகத்தில். பையன்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

சால்னாக் கறை தனிக் கதை. கொட்டியதும் மஞ்சளாகத்தான் இருக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்த அடுத்த நொடி ரத்தச் சிவப்பாக மாறும், தேய்க்கிறவர் பயந்துவிடுவார். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு கலந்தால் சிவக்கிறதே, அதே சங்கதி. பயப்பட ஒன்றுமில்லை. முதலில் எண்ணெயை எடுங்கள்: கோலமாவைப் பாத்திரம் கழுவும் திரவத்தில் குழைத்துக் கறை மேல் அரை அங்குலம் அப்பி, பாலித்தீன் போட்டு மூடி ஒரு நாள் விடுங்கள். பிறகு பாலித்தீனை எடுத்துவிட்டு, உலர்ந்ததும் சுரண்டினால் மாவு மஞ்சளாக வரும். மிச்சமுள்ள நிறத்துக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடில் நனைத்த துணியைச் சில மணி நேரம் போட்டு வைக்கலாம், முதலில் மேஜைக்கு அடியில் ஓர் ஓரத்தில் சோதித்துவிட்டு. வாசல் பக்கம் விழுந்த கறை என்றால் வெயிலே பாதியை எடுத்துவிடும். மஞ்சளுக்கு வெயில் ஆகாது.

தரை வேர்க்கிறது, பூச்சு கொப்புளிக்கிறது

மழைக் காலத்தில் ஏசி கடைகளில் இருந்து வரும் புகார். தரையில் பனி படர்ந்தது போல ஈரம். இது மேலிருந்து வருகிறதா, கீழிருந்து வருகிறதா என்பதுதான் கேள்வி. அதற்கு ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி தெளிவான பாலித்தீன் ஷீட்டைத் தரையில் விரித்து, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். குறைந்தது பதினாறு மணி நேரம் யாரும் மிதிக்காமல் இருக்க வேண்டும், அதனால் விடுமுறை நாளுக்கு முந்தைய இரவு ஒட்டுவது வசதி. எடுக்கும்போது ஷீட்டின் மேல்பக்கம் நனைந்திருந்தால் காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த தரையில் படிகிறது, ஏசியின் டிகிரியைக் கொஞ்சம் ஏற்றி வைத்து, வாசலில் காற்று அடைப்பைச் சரிசெய்தால் போதும். அடிப்பக்கம் நீர்த்துளி, அல்லது ஷீட்டுக்கு அடியில் தரை கறுத்திருந்தால் மண்ணிலிருந்து ஈரம் ஏறுகிறது.

இந்தச் சோதனையைச் செய்யாமல் தரைத்தளத்தில் எபாக்சி அடித்தவர்கள்தான் கொப்புளத்தோடு வருகிறார்கள். கொப்புளத்தைக் குத்தினால் உள்ளே தண்ணீர் இருக்கும். தரைக்கு அடியில் பாலித்தீன் விரிக்காத பழைய கட்டடங்கள், மாசி வீதிகளில் இருப்பவை மாதிரி, எப்போதும் கொஞ்சம் மூச்சு விடும். அதன் வாயைப் பூச்சால் அடைத்தால் ஒன்று பூச்சு பிரியும், இல்லையென்றால் ஈரம் ஓரத்துக்கு நகர்ந்து சுவரில் ஏறும். அங்கே எபாக்சியைச் சுரண்டிவிட்டு, சிலிகேட் கொடுத்து வெறும் மெருகோடு நிறுத்திக்கொள்வதுதான் என் வழக்கம். கட்டாயம் பூச்சுதான் வேண்டும் என்றால் ஈரம் தாங்கும் எபாக்சி பிரைமர் உண்டு, செலவு பிடிக்கும். புதுத் தரையாக இருந்தால் 28 நாளாவது ஆறவிட்ட பிறகே பூச்சு.

சமையல்கட்டில் மட்டும் பிரிகிறதா? வடிகஞ்சியைத் தரையில் ஊற்றுகிறார்களா என்று பாருங்கள். கொதிக்கும் கஞ்சிக்குச் சாதாரண எபாக்சி இளகிவிடும், ஆறும்போது சுருங்கும், நாலு மாதத்தில் தோல் உரியும். சூடு விழும் இடத்துக்கு சிமெண்ட் கலந்த பாலியூரித்தேன் தரை, 6 முதல் 9 மில்லிமீட்டர் கனத்தில். அல்லது கஞ்சியை நேரே சாக்கடைக் கூண்டுக்குக் கொண்டுபோக ஒரு குழாய். இரண்டாவது மலிவு.

வெள்ளை பூக்கிறது

உப்பு. அதைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், கரைந்து உள்ளே போய் அடுத்த வாரம் திரும்ப வரும். காய்ந்த பிரஷால் தேய்த்துக் கூட்டி அள்ளுங்கள். புதுத் தரையில் ஒரு முறை பூத்து ஓய்ந்தால் விட்டுவிடலாம். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரைக் கட்டி ஆற வைத்த தரையில் இது சகஜம். சுவரோரம் ஒரே கோட்டில் மறுபடி மறுபடி பூத்தால் பக்கத்துக் கடையின் குளியலறைக் குழாயைச் சந்தேகப்படுங்கள்.

நடந்தால் பொத்தென்று சத்தம்

இப்போதுதான் அந்த ஒரு ரூபாய்க் காசு. அடிக்கு ஓர் இடமாகத் தரையைத் தட்டிக்கொண்டே போங்கள். டொக் டொக் என்றால் ஒட்டியிருக்கிறது. டொப் என்றால் அடியில் வெற்றிடம். அந்த எல்லையைச் சாக்பீஸால் வரைந்துகொள்ளுங்கள். பழைய மொசைக்கை உடைக்கச் சோம்பல்பட்டு, கொத்து விடாமல், ஈரப்படுத்தாமல் மேலே ஓர் அங்குலம் இழுத்த தரைகளில் இது கட்டாயம் வரும். கோட்டுக்கு இரண்டு அங்குலம் வெளியே கட்டிங் மிஷின் ஓட்டி, உடைத்தெடுத்து, பழைய தரையைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, கழுவி, சிமெண்ட் பால் தடவி அது காய்வதற்குள் புதுக் கலவை போட வேண்டும். டொப் சத்தம் வரும் இடம் மொத்தத்தில் பாதிக்கு மேல் என்றால் ஒட்டுப் போடாதீர்கள், முழுவதையும் எடுத்துவிடுங்கள்.

திட்டுத் திட்டாக நிறம்

பாலித்தீன் சுருக்கம் பட்ட இடம் கறுப்பாக, சாக்கு பட்ட இடம் வேறு மாதிரி, பாதி வேலையில் சிமெண்ட் கம்பெனி மாறிய இடம் இன்னொரு மாதிரி. இதைச் சரிசெய்ய முடியுமா என்றால், முழுக்க முடியாது. லேசான திட்டு ஒரு வருடத்தில் மங்கும். நிறச்சாயம் ஏற்றலாம், அதிலும் பழைய திட்டு அடியில் தெரியும். கோரிப்பாளையத்தில் ஒரு கடைக்காரர் நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் ஆளுயரக் கறுப்புத் திட்டு ஒன்றைக் காட்டி, இதை எப்படியாவது எடுத்துக் கொடு என்று ஒரு மணி நேரம் விடவில்லை. அரைத்தால் மீதித் தரையில் இருந்து அந்த இடம் தனியாகத் தெரியும் என்றேன். யோசித்தார். பையன்களைக் கூப்பிட்டுக் கல்லா மேஜையைத் தூக்கி அதன் மேல் போட்டுவிட்டு, "சரி, அடுத்த வேலையப் பாரு" என்றார்.